இரண்டு தாள் அகலம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூன்றாம் மாடி இடதுபுற வீட்டில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் திரை இருண்டு ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு ஒரு மானிட்டரைத் தேர்ந்தெடுக்கும் மாபெரும் பொறுப்பைக் குடும்பத் தலைவர் தாமே ஏற்றுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

குடியிருப்போர் சங்கத்துக்கு இரண்டு வருடம் தலைவராக இருந்தவர். பதவி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. குழாய் சொட்டினாலும் வீட்டாரைக் கூட்டி, தீர்மானம் போட்டு, நோட்டில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார். குழாய் பாட்டுக்குச் சொட்டும். மகள் அவருக்கு வைத்த பெயர் சேர்மன்.

உண்மையில் அவசரம் மனைவிக்கு. மகள் பிறந்தபோது விட்ட பிழைதிருத்தும் வேலை, பதினெட்டு வருடம் கழித்துக் கதவைத் தட்டியிருந்தது. பாடநூல் அச்சகம் ஒன்று மூன்று அத்தியாயங்களை மெயிலில் அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தரச் சொல்லியிருந்தது. பிழை தப்பாமல் பிடித்தால் நிரந்தர வேலை. ஃபோனில் பார்த்தாலோ, முற்றுப்புள்ளி எது, தூசி எது என்றே தெரியவில்லை.

புதன்கிழமை கூட்டம் கூடியது.

"திரைதான போச்சு? திரையை மாத்துறோம். தீர்மானம் ஒண்ணு," என்றார் சேர்மன்.

"அப்பா, கூட்டத்துக்குக் கோரம் இல்ல, ஆள் பத்தல. அம்மா அடுப்படியில இருக்காங்க."

"அங்கேர்ந்தே கையைத் தூக்கச் சொல்லு."

புதிய மானிட்டருக்கு இருக்க வேண்டிய தகுதிகள் என்று இருபத்தேழு எழுதி வைத்திருந்தார். வளைந்திருக்க வேண்டும். நூற்று அறுபத்தைந்து ஹெர்ட்ஸ் வேண்டும்.

"அது எதுக்குங்க?" என்றார் மனைவி, கரண்டியோடு வந்து.

"இருந்தா நல்லதுதானே."

"எனக்கு ரெண்டு பக்கம் ஒண்ணா தெரியணும். மூலம் இந்தப் பக்கம், ப்ரூஃப் அந்தப் பக்கம். அவ்ளோதான்."

"இருபத்தெட்டாவதா சேர்த்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை, பழைய பெட்டியை இடுப்பில் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். பழசைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடியாம். சேர்மன் விற்பனையாளரிடம் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். மனைவி கைப்பையிலிருந்து ஏ4 தாள் இரண்டை எடுத்து, வரிசையாக ஒவ்வொரு திரைமீதும் பிடித்துப் பார்த்தார். இருபத்திரண்டு அங்குலத்தில் தாளின் அடி வெளியே தொங்கியது. வளைந்த திரையில் தாளும் வளைந்தது. இருபத்துநாலு அங்குலத்தில் இரண்டு தாளும் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தன.

"இதுதாங்க."

விற்பனையாளர் தாள்களைப் பார்த்தார். "மேடம், பத்து வருஷமா விக்கறேன். யாரும் இப்படி அளந்து பார்த்ததில்ல." பிறகு பில் போடும்போது கேட்டார்: "சார், வீட்டுல சிபியு இருக்குல்ல?"

சேர்மனுக்குக் கேள்வி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லும் வழக்கமும் அவரிடம் இல்லை. "எல்லாம் இருக்கு. நீங்க பில்லைப் போடுங்க."

வீட்டில் மகள் ஃபோனில் படம் எடுக்க, சேர்மன் பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. சிக்னல் இல்லை என்றது.

"மொட்டை மாடிக்குக் கொண்டு போலாமா?" என்றார் சேர்மன்.

"ஏங்க," என்றார் மனைவி மெதுவாக, "கம்ப்யூட்டர் எங்க?"

"இதோ."

"இது மானிட்டர். கம்ப்யூட்டர் பழைய திரைக்குப் பின்னாடியேதான இருந்துச்சு. அதைத்தான குடுத்துட்டு வந்திருக்கோம்."

சேர்மனுக்கு முதல்முறையாகத் தீர்மானம் எதுவும் தோன்றவில்லை. கடைக்கு ஃபோன் செய்தார். பழைய சரக்கெல்லாம் வண்டி ஏறிவிட்டதாம். நாற்காலியில் உட்கார்ந்து, "என்னால உன் வேலை போச்சு," என்றார். அதை அவர் நோட்டில் எழுதவில்லை.

மனைவி இரண்டு தாள்களையும் மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு மகளைக் கேட்டார்: "உன் பழைய லேப்டாப்புல திரை மட்டும்தானே உடைஞ்சுது?"

போன வருடம் சேர்மன் சோபாவில் தலைமை ஏற்று அமர்ந்தபோது அடியில் இருந்த லேப்டாப் அது. மகள் அலமாரியைக் குடைந்து எடுத்து வந்தாள். சார்ஜ் ஏற்றி, கேபிளைச் செருகினாள். மானிட்டர் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு விழித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிந்தன.

"நான் அன்னிக்கு உக்காரலைன்னா இது இன்னிக்கு மிச்சம் இருந்திருக்குமா?" என்றார் சேர்மன். குரல் திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மனைவி உட்கார்ந்தார். மூலத்தில் தவளைக்கு இரண்டு சிறுநீரகம், ப்ரூஃபில் ஒன்று. இன்னொன்றை வாங்கிக் கொடுத்தார். இப்படி அறுபத்துமூன்று பிழைகள். மதியம் அனுப்பிவிட்டு, கையை நெட்டி முறித்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

'தலைவரின் தொலைநோக்காள் நிறுவப்பட்ட இம்மானிட்டர் தலைமுரைகளுக்குச் சேவை செய்யும்' என்று சேர்மன் நோட்டில் எழுதி நீட்டினார். மனைவி சிவப்புப் பேனாவால் இரண்டு பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அச்சகத்திலிருந்து ஃபோன் வந்தது. வேலை அவருக்குத்தான். திங்கள்கிழமை முதல் அச்சகத்துக்கே வர வேண்டும், மானிட்டர் அங்கேயே இருக்கிறது.