கைமாத்தாக ஒரு கரிக்கட்டி

என் அக்காவிடமிருந்து ஒரு குண்டூசி வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். "போன தடவை வாங்கினது எங்கே?" என்பாள். அதைக் கொண்டுவந்து வைத்தால்தான் அடுத்தது. வீட்டோடு போனால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவள்தான் எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை, நான் அங்கே நான்காம் வகுப்பு டீச்சர். யார் செய்த பாவமோ!

பள்ளிக்குள் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும். கோபம் வந்தால் எனக்கு அது மறந்துபோகும். எனக்குக் கோபம் வராத நாளும் கிடையாது.

எங்கள் சண்டையெல்லாம் ஒரு அறைக்காக. பள்ளியின் பின்பக்கம், காலொடிந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல வெளிச்சம், உள்ளேயே தண்ணீர்க் குழாய், என் வகுப்பறையைப் போல இரண்டு மடங்கு. அதில் என் பிள்ளைகளை வைத்து ஒரு ஊரையே நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பாடப் புத்தகத்தில் 'தொழில்கள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. விவசாயத்துக்கு ஒரு பத்தி, சுரங்கத்துக்கு ஒரு பத்தி, மின்சாரத்துக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. ஒன்றின் முகத்தை இன்னொன்று பார்த்ததே இல்லை என்பதுபோல் தனித்தனியாக நிற்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு, பன் என்பது பேக்கரியில் தானாக விளைகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ரூம் சாவியைக் குடுங்க மேடம். ஊரை நடத்திக் காட்டறேன்."

"முதல்ல நடத்திக் காட்டு. அப்புறம் சாவி."

"இடம் இல்லாம எப்படி நடத்தறது?"

"நடத்தாம எப்படி இடம் தர்றது?"

இதே பேச்சுதான் அலுவலக அறையிலும், வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும். "ரெண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கடி" என்று அம்மா கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். கடைசியில் அக்கா ஒரு படி இறங்கி வந்தாள். பெற்றோர் கூட்டத்தன்று என் வகுப்பறையிலேயே அந்த ஊரை நடத்திக் காட்ட வேண்டும். சொதப்பினால் அறை கிடையாது. அந்தப் பாடத்தையும் அவளே எடுத்துக்கொண்டு, பழையபடி ஒப்பிக்க வைப்பாள். சரி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். என் வாய்க்கொழுப்பு விடுமா? "அன்னைக்கு நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பிள்ளைங்களே நடத்துவாங்க, பாருங்க" என்று சவால் விட்டுவிட்டு வந்தேன்.

சுரங்கத்தை ஒரு பையனிடம் கொடுத்தேன். எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டே திரிவான், அதனால் எல்லாருக்கும் அவன் 'எறும்பு'. கறுப்புச் சாயம் பூசிய கூழாங்கற்கள்தான் அவனுடைய நிலக்கரி. மின் நிலையத்தைப் 'பட்டாசு' பிடுங்கிக்கொண்டாள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாத பெண். மஞ்சள் நாடாத் துண்டுகள்தான் அவளுடைய மின்சாரம். மற்றவர்கள் டீசல் பங்க், லாரி, வயல், மாவு மில், பேக்கரி என்று பிரித்துக்கொண்டார்கள். பேக்கரிக்குப் பின்னால் ஒரு பீரோ, அதற்குள் நிஜமான பன், தட்டுத் தட்டாக. மாவும் கரண்டும் வந்து சேர்ந்தால்தான் பீரோ திறக்கும்.

விதி ஒன்றுதான். தனக்கு வேண்டியது கைக்கு வந்த பிறகுதான் யாரும் தன் சரக்கைக் கொடுக்கலாம். சுரங்கத்தில் ஆளை இறக்கவும் தண்ணீரை இறைக்கவும் கரண்ட் வேண்டும். கரண்ட் தயாரிக்கக் கரி வேண்டும். பங்க்கில் டீசல் ஊற்றக் கரண்ட், லாரிக்கு டீசல், கோதுமை மில்லுக்குப் போக லாரி. எவ்வளவு அழகாகக் கோத்திருக்கிறேன் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

இடம் இல்லாததால் ஒத்திகையை வராந்தாவில் ஒவ்வொரு குழுவாகத்தான் பார்த்தோம். எறும்புக்கு என் துணிப்பையிலிருந்து நாடா எடுத்துக் கொடுப்பேன், அவன் கரி தருவான். மறுநாள் பட்டாசுக்குப் பையிலிருந்து கரி கொடுப்பேன், அவள் நாடா தருவாள். லாரிக்கு டீசல் டப்பா, மில்லுக்குக் கோதுமை, எல்லாம் அந்தப் பையிலிருந்துதான். ஒருவர்கூட ஒரு தப்பும் செய்யவில்லை.

கூட்டத்தன்று அப்பா அம்மாக்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முன்வரிசையில். நான் விசில் ஊதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாரும் அவரவர் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுகிறவன் மட்டும் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே டுர்ர்ர் என்றான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் அலுத்துவிட்டது. கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன, ஊமை நாடகமா?" என்று ஒரு அப்பா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

வயல்காரப் பெண் பொறுமையிழந்தாள். "கோதுமை ரெடி. லாரி ஏன் வரல?"

"டீசல் இல்ல."

"டீசல் ஏன் இல்ல?"

"கரண்ட் இல்ல" என்றது பங்க்.

"கரி வந்தாத்தானே கரண்ட்!" என்று பட்டாசு வெடித்தாள். "டேய் எறும்பு, கரி குடுடா."

"கரண்ட் இல்லாம நான் எப்படிக் குழிக்குள்ள இறங்கறது? நீ முதல்ல குடு."

"நீ முதல்ல குடு!"

"நீ முதல்ல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒத்திகையில் ஊரை ஓட்டியது என் துணிப்பை! அது இன்றைக்கு வீட்டில் கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள், கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அறை போச்சு, பாடமும் போச்சு. எழுந்து போய் ஒரு நாடாவை எறும்பின் கையில் திணித்துவிடலாம் என்று கால் துறுதுறுத்தது. பேச மாட்டேன், பிள்ளைகளே நடத்துவார்கள் என்று சொன்ன வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பட்டாசு இடுப்பில் கை வைத்து யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்த்ததே இல்லை.

"டேய், கரண்ட் இல்லாட்டி என்ன? மேலாகக் கையால தோண்டினா ஒரே ஒரு கல்லு வராதா?"

"வரும். அதுக்கு நீ என்ன தருவ?"

"இப்ப ஒண்ணும் கிடையாது. கைமாத்தா குடு. கரண்ட் வந்ததும் உனக்குத்தான் முதல்ல."

"ஏமாத்திட்டா?"

"நான் எங்கடா ஓடிடப் போறேன்? ரெண்டு பேரும் ஒரே தெருதானே! எங்க அம்மா உங்க வீட்ல சர்க்கரை கைமாத்து வாங்கறதில்லையா?"

அறை கொல்லென்று சிரித்தது. பட்டாசின் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயையோ, மானத்தை வாங்கறாளே!"

"அந்தச் சர்க்கரை இன்னும் வந்து சேரலை" என்றாள் எறும்பின் அம்மா, பின்வரிசையிலிருந்து.

"போன வாரமே குடுத்தாச்சு! உங்க மாமியார் கையில!"

"அப்ப சரி. டேய், நம்பிக் குடுடா!"

எறும்பு என்னைப் பார்த்தான். விதியை மீறலாமா என்று கண்ணாலேயே கேட்டான். நான் கூரையில் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தேன். அவன் கூடைக்குள் கைவிட்டு, முக்கி முனகி, ஒரே ஒரு கறுப்புக் கல்லை எடுத்து அவள் கையில் வைத்தான்.

அவ்வளவுதான், ஊர் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பட்டாசு முதல் நாடாவைச் சொன்னபடி எறும்பின் கழுத்திலேயே கட்டினாள். கரி கூடை கூடையாக வந்தது. பங்க்குக்கு நாடா போனது, லாரிக்கு டீசல் போனது. லாரி ஒரு தாத்தாவின் செருப்பின் மேல் ஏறி இறங்கி, கோதுமையை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் பறந்தது. மில்காரன் மாவைப் பாதி தன் தலையில் கொட்டிக்கொண்டான். "கரண்ட்! பேக்கரிக்குக் கரண்ட்!" என்று பெற்றோரே எழுந்து நின்று கத்தினார்கள். பீரோ திறந்து பன் வாசனை அடித்தபோது நான் மூலையில் உட்கார்ந்தபடியே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கூட்டம் கலைந்தது. பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"விதியே தப்பு" என்றாள்.

"ஆமாம் மேடம்."

"அது ஒத்திகையிலயே தெரிஞ்சிருக்கணும்."

"எல்லாரையும் சேர்த்து வச்சு ஒத்திகை பார்க்க இடம் எங்க மேடம் இருந்துச்சு?" மூக்கு நுனி சிவக்க ஆரம்பித்தது எனக்கு.

"ஆரம்பிக்காதே. பாதி நேரம் ஊரே படுத்துக் கிடந்துச்சு. நீ நடத்திக் காட்டறேன்னு சொன்னபடி இன்னும் நடத்திக் காட்டல. நான் சொல்றது சரியா இல்லையா?"

சரிதான். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

அக்கா பன்னை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து, நகம் உடையும்படி நெம்பி ஒரு சாவியைக் கழற்றினாள். என் உள்ளங்கையை இழுத்து அதில் வைத்து மூடினாள்.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திருத்தவில்லை.

"அப்புறமா நடத்திக் காட்டு" என்றாள், வாய் நிறையப் பன்னோடு. "நீ எங்க ஓடிடப் போற? ரெண்டு பேரும் ஒரே வீடுதானே."