ஐந்தாவது பொட்டலம்

பாராடாங் குகையைப் பற்றி என்னிடம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வேன். படகு எங்கே வேகம் குறையும், ஓடைக்கு மேலே மரங்கள் எங்கே கூரை போட்டிருக்கும், நடக்கிற பாதையில் எலுமிச்சை ஜூஸ் விற்கிற குடிசை எது, உள்ளே எந்தக் கல் பிள்ளையார், எந்தக் கல் தாமரை என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரே ஒரு குறைதான். நான் அங்கே போனதில்லை.

கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து டாலிகஞ்சில் இருக்கிற எங்கள் வீடு ஓசி லாட்ஜ்தான். என் வீட்டுக்காரர் ஜெகநாதனுக்குத் துறைமுக ஆபீஸில் வேலை. மெயின்லேண்டில் அவருக்கு இருக்கிற சொந்தத்துக்குக் கணக்கே கிடையாது. கல்யாணமான ஜோடி வரும், பரீட்சை முடித்த பிள்ளைகள் வரும், ரிட்டயர் ஆன சித்தப்பா வருவார். வந்து இறங்கி ஒரு வாய் காபி குடித்ததும் கேட்கிற முதல் கேள்வி, குகைக்கு எப்போது போகிறோம் என்பதுதான். ஜெகநாதன் வாடகைக் கார் சொல்வார். காரில் டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர். வந்தவர்கள் மூன்று பேர், வழிகாட்ட இவர், அதோடு சரி. எல்லோரும் ஒரு மரியாதைக்கு என்னைப் பார்ப்பார்கள். எனக்கு முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க என்று சொல்லிவிடுவேன். வலி வருவதற்கு முன்பே அப்படிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிச் சொல்லி அதுவும் வந்தே விட்டது.

அவர்கள் போகிற நாளில் நடுச்சாமத்திலேயே எழுந்து புளியோதரை கிளறுவது என் வேலை. காட்டு வழியில் நினைத்த நேரத்துக்குப் போக முடியாது. ஜிர்காடாங் செக்போஸ்டில் வரிசையில் நின்று, போலீஸ் துணையோடு எல்லா வண்டியும் ஒன்றாகத்தான் போக வேண்டும். அதைத்தான் இங்கே கான்வாய் என்பார்கள். முதல் கான்வாயைப் பிடிக்க விடியும் முன்பே கிளம்ப வேண்டும். அவர்களைக் கிளப்பி அனுப்பிவிட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பேன். சாயங்காலம் வந்து, நீங்களும் வந்திருக்கலாம் அண்ணி என்பார்கள். அப்போது எனக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதை அடுத்த நாள் மாவாட்டும்போதுதான் தீர்த்துக்கொள்வேன்.

வருகிற மாதத்தோடு ஜெகநாதனுக்குச் சர்வீஸ் முடிகிறது. வீட்டைக் காலி செய்துகொண்டு திருச்சிக்குப் போகிறோம். சென்னையில் வேலை பார்க்கிற மகன் ஹரிஹரன், சாமான் கட்ட உதவி செய்ய மனைவி கார்த்திகாவோடு வந்திருந்தான். வந்த மறுநாளே சொல்லிவிட்டான், குகைக்கும் கடற்கரைக்கும் நாம் மட்டும் போகிறோம், இது அம்மாவுக்காக, விருந்தாளி யாருக்கும் இடம் கிடையாது என்று. இந்தத் தீவைவிட்டுப் போவதற்குள் அந்தக் குகைக்குள் ஒரு தரம் காலை வைத்துவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இதை விட்டால் இல்லை.

டிரைவர் சந்திரசேகர் சொன்ன நேரத்துக்கு வந்து வாசலில் ஹாரன் அடித்தார். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், சிலோனிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எங்கள் விருந்தாளிகளில் பாதிப் பேரைக் குகைக்குக் கொண்டு போனவரே அவர்தான். சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவர், பின்னாலேயே நானும் ஏறுவதைப் பார்த்து ஒரு நிமிடம் விழித்தார்.

"அம்மாவும் வர்றீங்களா? நல்லதும்மா. ஜல்தி ஏறுங்க, கேட்ல லைன் லம்பா நீண்டு நிக்கும்."

சமைத்த களைப்பில் கார் நகர்ந்ததும் தூங்கிப்போனேன். செக்போஸ்டில் எல்லோரும் டீ குடித்தார்களாம், என்னை எழுப்ப மனம் வரவில்லையாம். கண் விழித்தபோது கான்வாய் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஜாரவா பழங்குடி மக்களுடைய காடு அது. எங்கள் விருந்தாளிகள் திரும்பி வந்ததும், இவர்களைப் பார்த்தோம், பார்க்கவில்லை என்று வாய் வலிக்கப் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவர் வீட்டு வழியாகப் போகிறவன் எட்டிப் பார்க்காமல் போவதுதான் மரியாதை. வீட்டில் ஓயாமல் ஆள் வந்து போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெகநாதன் மட்டும் வாயை மூடவில்லை. பழக்கதோஷம். இப்ப ஒரு பெரிய வளைவு வரும் என்பார், வரும். இப்ப படகு ஜெட்டி தெரியும் என்பார், தெரியும். காரையும் ஏற்றிக்கொண்டு பெரிய படகு கடலைக் கடந்தது. அங்கிருந்து சின்னப் படகில் ஓடைக்குள் நுழைந்தோம். ரெண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற மரங்கள், அவற்றின் பச்சை தண்ணீரிலும் விழுந்து கிடந்தது. வாயைத் திறந்து நான் ஆ என்று சொல்வதற்குள், "இன்னும் கொஞ்ச தூரத்துல மரமெல்லாம் கூரை மாதிரி வரும் பாரு" என்றார். வந்தது. எனக்கு அழுகையாக வந்தது. கதையை முன்பே சொல்லிவிட்டுப் படத்துக்குக் கூட்டி வந்த மாதிரி இருந்தது.

"கொஞ்சம் பேசாம வாங்க" என்றேன். அவர் தனக்கு என்று நினைக்காமல் படகோட்டியைப் பார்த்தார்.

இறங்கி நடக்கிற பாதைதான் என் எமன். முதலில் மரப்பலகைப் பாலம், பிறகு வயல் வரப்பு, பிறகு வேரும் கல்லுமாக ஏற்றம். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ஹரி முன்னால் போனான், கார்த்திகா எனக்காக நின்று நின்று வந்தாள். எலுமிச்சை ஜூஸ் குடிசை வருவதற்குள் முட்டி இரண்டும் தனித்தனியாகக் கத்த ஆரம்பித்துவிட்டன. அங்கே ஒரு மூங்கில் பெஞ்சு. உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஜெகநாதன் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தார்.

"ருக்கு, நீ இங்கயே இரு. இன்னும் ஏத்தம் இருக்கு. பையைப் பாத்துக்க, நாங்க சட்டுனு போயிட்டு வந்துடறோம்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கோபம். நிழல் இருந்தது, காற்று வந்தது, பெஞ்சு இருந்தது. சரி, நீங்க போயிட்டு வாங்க என்று சொல்ல என் வாய்க்குப் பயிற்சியே தேவையில்லை. வெறும் கல்தானே, பார்க்காவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்றுகூட நினைத்துவிட்டேன். அப்போது கார்த்திகா ஜூஸ் டம்ளரை என்னிடம் நீட்டி, "வேணும்னா நான் உங்ககூட உக்காந்திருக்கேன் அத்தை, எனக்கும் குகை ஒண்ணும் முக்கியமில்ல" என்றாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அதே பாட்டைப் பாடுகிறாளே என்று எனக்குத் திக்கென்றது.

ஜூஸை ஒரே மூச்சில் குடித்தேன். பெஞ்சைப் பிடித்து எழுந்து, பையைத் தூக்கி ஜெகநாதன் கையில் கொடுத்தேன்.

"பையை நீங்க பாத்துக்குங்க. நீங்க பாத்த குகைதானே."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கார்த்திகாவின் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று பயம், அதனால் பார்க்கவில்லை.

குகை வாசல் ஒரு பிளவு. உள்ளே நுழைந்ததும் சில்லென்றது. கைடு இந்தியில் பேசிக்கொண்டே டார்ச் அடித்தார். கூரையிலிருந்து கல் வழிந்து உறைந்திருந்தது, ஈரமாக, மங்கலான வெள்ளையில். கை வைக்காதீர்கள், மனுஷக் கை பட்டால் கறுத்துவிடும் என்றார். தொட வசதியான உயரத்தில் எல்லாம் ஏற்கெனவே கறுத்துத்தான் கிடந்தது. எங்கள் வீட்டு விருந்தாளிகள் கையும் அதில் கட்டாயம் இருக்கும். என் புளியோதரை எண்ணெயோடு.

இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை வருஷம் நான் ஏங்கியது இந்தக் கல்லுக்கா. பிள்ளையார் எனக்குப் பிள்ளையாராகத் தெரியவில்லை, தாமரையும் தாமரையாக இல்லை. ஆனால் இங்கே அடுத்து என்ன வரும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மேலே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சரியாக என் உச்சியில் விழுந்தது. அதை மட்டும் எந்த விருந்தாளியும் என்னிடம் சொன்னதில்லை. நான் சிரித்துவிட்டேன். ஹரி படம் எடுத்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போதும் என்று தோன்றுகிறவரை நின்றேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்தபோது ஜெகநாதன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அதற்குமேல் அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அங்கிருந்து பாலுடேரா கடற்கரை. சின்ன பீச், கூட்டமே இல்லை. எனக்கு அலையைப் பார்க்கக்கூடக் கண் திறக்கவில்லை. கால் மட்டும் நனைத்துவிட்டு மர நிழலில் துண்டு விரித்து உட்கார்ந்தேன். கடைசி கான்வாய் போய்விட்டால் ராத்திரி இங்கேதான், சீக்கிரம் சாப்பிடுங்கள் என்று சந்திரசேகர் அவசரப்படுத்தினார். பையைத் திறந்து வாழையிலைப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தேன். சந்திரசேகருக்கு ஒன்று. ஜெகநாதனுக்கு ஒன்று. ஹரிக்கு, கார்த்திகாவுக்கு. பைக்குள் மறுபடி கையை விட்டேன். தண்ணீர் பாட்டில் இருந்தது, துண்டு இருந்தது, வலி மாத்திரை இருந்தது. பொட்டலம் இல்லை.

கீழே விழுந்துவிட்டதோ என்று காரில் தேடச் சொன்னான் ஹரி. எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. போகிறவர்களுக்குக் கட்டிவிட்டு, அண்டாவில் மிஞ்சியதை எவர்சில்வர் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, தட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். என் மத்தியானச் சாப்பாடு. எப்போதும் வைக்கிற மாதிரி. புது ரவிக்கை போட்டுக்கொண்டு, காரில் ஏறப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே வைத்திருக்கிறேன்.

"உனக்குக் கட்டலையா?" என்றார் ஜெகநாதன்.

"நான் எப்பவும் வீட்லதானே சாப்பிடுவேன். கை அதும்பாட்டுக்கு வச்சிருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சந்திரசேகர் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் என் பக்கம் தள்ளினார். பேசாமல் சாப்பிடுங்கள், வண்டி ஓட்ட வேண்டும் என்று அதட்டினேன். அவர் எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். ஹரியும் கார்த்திகாவும் தங்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் தன் இலையை எங்கள் இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தார்.

"நான் ஒரு தடவைகூட உன்னைக் கேட்டதில்லையா ருக்கு?"

"கேட்டீங்க. நான் வேணாம்னேன். ரெண்டாந்தரம் கேட்டதில்ல."

அவர் புளியோதரையில் வேர்க்கடலையாகப் பொறுக்கி என் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கடலை பிடிக்காது, பிடிப்பது அவருக்குத்தான். அதைச் சொல்லவும் களைப்பாக இருந்தது, சாப்பிட்டேன்.

கான்வாயைப் பிடித்து டாலிகஞ்ச் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வழியெல்லாம் ஜெகநாதன் ஒரு வளைவைக்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. பாதி கட்டிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நடந்து அடுக்களைக்குள் போனேன். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து ஃபிரிட்ஜிலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். சோறு விறைத்துப் போயிருந்தது. சூடு பண்ண எழுந்திருக்க முடியவில்லை, அப்படியே ஒரு வாய் எடுத்துப் போட்டேன்.

கூடத்தில் ஜெகநாதனின் போன் அடித்தது. அவர் எல்லாப் போனையும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அவருடைய தங்கை தமிழரசி, காரைக்குடியிலிருந்து. நீங்கள் காலி பண்ணுவதற்குள் ஒரு நடை வந்துவிடலாம் என்று டிக்கெட் போட்டுவிட்டார்களாம். பிள்ளைகள் குகை குகை என்று உயிரை எடுக்கிறார்களாம். எத்தனை பேர் என்று இவர் கேட்டார். மூணு பேர் என்றாள். நான் கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"சின்ன வண்டி பத்தாதும்மா. பெரிய வண்டியாச் சொல்றேன். ருக்கு வர்றா."

"அண்ணிக்குத்தான் முட்டி வலியாச்சேண்ணே?"

"வலிக்கும். இருந்தாலும் வர்றா."

பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றார். போன் கையில் இருந்தது, தமிழரசி இன்னும் லைனில் இருந்தாள். "வர்றேல்ல ருக்கு?" என்று கேட்டார். நான் அவரையே பார்த்தேன். "வர்றேல்ல?" என்று மறுபடியும் கேட்டார்.

மறுபடி நடுச்சாமத்தில் எழுந்து, அந்தப் பலகைப் பாலம், அந்த ஏற்றம், அந்த மூங்கில் பெஞ்சு. நினைத்தாலே முட்டி இரண்டும் விண்ணென்றது. எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க என்பது நுனிநாக்கில் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அது நிஜம். ஆனால் வாயில் சோறு இருந்தது. அதை மெதுவாக மென்றுகொண்டே, அவரைப் பார்த்து, வர்றேன் என்று தலையை ஆட்டினேன்.