பச்சைத் தார்ப்பாய்

மீன் இறங்கும் கூடத்துக்குள் மீனின் நீளம் அளக்கும் பலகை நுழைந்துவிட்டால், பச்சைத் தார்ப்பாய் போர்த்திய கூடைகள் அங்கே இல்லை. இந்த விதியை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஏலக்காரர் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடப்பார். ஐஸ் உடைப்பவர் முதுகைக் காட்டி நிற்பார். மீன்வள அலுவலகத்திலிருந்து பலகையோடு வருகிற அவளும் ஒன்பது வருடங்களாக எதுவும் கேட்டதில்லை.

இன்று அவள் கையில் பலகை இல்லை. அண்ணனின் தலைக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விடியற்காலையில் படகைக் கட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து பத்து மணிக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வெளியூரிலிருந்து அவருடைய மகள் வந்து சேர மாலையாகும்.

"குளிர்பெட்டிக்காரன் என்ன சொல்றான்?" என்றாள் அண்ணி.

"வந்துட்டே இருக்கேங்கிறான்" என்றார் படகின் என்ஜின்காரர். "ரெண்டு மணி நேரமா வந்துட்டேதான் இருக்கான்."

யாருக்கோ சிரிப்பு வந்து, அது இருமலாக முடிந்தது.

துக்கம் கேட்க வந்த அவளுடைய மேலதிகாரி அவளை வாசலுக்கு அழைத்தார்.

"இன்னிக்கு இதக் கேக்கக்கூடாதுதான். கானாங்கெளுத்தி அறிக்கை அஞ்சு மணிக்குள்ள மேல போயாகணும். நீங்க சரின்னா நானே அனுப்பிடறேன்."

"அனுப்புங்க சார். கணக்குல சந்தேகமே இல்ல."

குரல் பிசிறவில்லை. மூவாயிரத்து நானூறு மீன்களைத் தன் கையாலேயே அளந்திருந்தாள். சராசரி நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். பிடிபடுவது அளவோடுதான் இருக்கிறது, இன்னும் நாற்பது படகுகளுக்கு அனுமதி தரலாம் என்று அறிக்கை முடிந்திருந்தது. கூட்டிக் கழித்ததில் அவள் என்றுமே தவறியதில்லை.

"ஸ்கேலு" என்று உள்ளிருந்து அண்ணி கூப்பிட்டாள். அண்ணன் வைத்த பெயர். வீட்டிலும் கூடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. "பெட்டி வர்ற வரைக்கும் உங்கண்ணன் தாங்க மாட்டாரு. ஐஸ் எடுத்துட்டு வரலாம், வா."

காலையில் வந்த மீன் விற்கப்படாமல் வீட்டின் பின்கொட்டகையில் கிடந்தது. முன்வரிசைப் பெட்டிகளில் பெரிய மீன்கள். பின்னால், பச்சைத் தார்ப்பாயின் கீழ் ஏழு கூடைகள். அண்ணி நேராகப் பின்வரிசைக்குப் போனாள்.

"அண்ணி, அது வேணாம்" என்று குறுக்கே வந்தார் என்ஜின்காரர். "முன்னால இருக்கற பெட்டியில எடுத்துக்கலாம்."

"அதுல ஐஸ் உருகி தண்ணிதான் இருக்கு."

தார்ப்பாயை இழுத்தாள். ஐஸை வாளியில் அள்ள அள்ள, அடியில் உள்ளங்கை நீளக் கானாங்கெளுத்திகள் தெரிந்தன. ஒருமுறைகூட முட்டையிட்டிராத மீன்கள். உடன் வந்த ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள்.

அவளும் கூரையைப் பார்த்திருக்கலாம். கூடையைத்தான் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவ இத மூடறப்பவும் உன் பேரத்தான் சொல்வாரு" என்றாள் அண்ணி.

"என்னன்னு?"

"'ஸ்கேலு வந்துடப் போறா'ன்னு."

இருவரும் வாளிகளைச் சுமந்து போய், அண்ணனின் இரு பக்கமும் ஐஸை அணைத்து வைத்தார்கள். விலாவோரம் ஒரு குட்டி மீன் ஐஸோடு வந்திருந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அளந்தா என்ன ஆகும்?" என்றாள் அண்ணி, மெதுவாக.

"சராசரி இறங்கிடும். நாலு மாசம் கடலுக்குப் போகக்கூடாதுன்னு உத்தரவு வரும். நம்ம படகுக்கும்தான்."

"அளக்கலன்னா?"

அவள் உள்ளங்கையை விரித்து, முட்டையிடாமலேயே வந்துவிட்ட அந்த மீனைக் காட்டினாள். அண்ணி கணவரின் காலருகே ஐஸைச் சமப்படுத்தினாள். நெடுநேரம் சமப்படுத்தினாள். பிறகு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த நாத்தனாரின் அலுவலகப் பையை எடுத்து நீட்டினாள்.

"சார்" என்று, பையை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்துச் சொன்னாள் அவள். "அறிக்கைய அனுப்பாதீங்க. கொஞ்சம் உள்ள வாங்க."

கொட்டகை வாசலில், எல்லோர் கண்ணெதிரிலும் பையிலிருந்த பலகையை எடுத்து வைத்தாள். உள்ளங்கையிலிருந்த மீனின் மூக்கைப் பலகை முனையில் முட்டவைத்து, வாலை நீவினாள்.

"பதினொண்ணு."

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளிடமிருந்து நோட்டையும் பென்சிலையும் வாங்கினாள்.

"பதினொண்ணு" என்று தெருவரை கேட்கும்படி திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். "அடுத்தது?"