தாமாகவே கேட்பர்

மனித குலத்தின் நாளைய அறிவு முழுவதும் இன்றைய ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில்தான் கருக்கொள்கிறது. அறிவியல் வாத்தியாரின் குறிப்பேட்டில் மூன்று நாளாகக் கருக்கொண்டிருந்தது ஒரு காபிக் கறை.

நாலு வருஷமாக அவர் தற்காலிக வாத்தியார். வரும் வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து அவர் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"பாடத்தை அப்புறம் பாருங்க சார். முதல்ல விளைவை எழுதுங்க" என்றார் தலைமையாசிரியை. "பாடம் முடியறப்போ பசங்க என்ன செய்வாங்க? 'புரிந்துகொள்வர்'னு எழுதாதீங்க. புரிஞ்சதை யாரு பாத்தா? கண்ணுக்குத் தெரியணும், எண்ண முடியணும்."

மண்டையைக் குடைந்து வாத்தியார் எழுதினார்: 'ஆவியாதல் குறித்து மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்பர்.' தலைமையாசிரியை பூரித்துப்போனார்.

தாமாகவே கேட்பதை யாரை நம்பி விடுவது? அன்று மாலையே வாத்தியார் மாணவருக்கு ஒன்றாக முப்பத்தொரு கேள்விகளைத் தயாரித்து, எண் போட்ட சீட்டுகளில் எழுதத் தொடங்கினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தானா கேக்கறதுக்கு எதுக்குங்க சீட்டு?"

"தானா கேக்க விட்டா என்னத்தைக் கேக்குங்களோ!"

"அப்ப பதில்?"

"வரிசையா மனப்பாடம் பண்ணிட்டேன்."

"பரீட்சை உங்களுக்கா, அதுங்களுக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை. கரும்பலகையின் ஓரத்தில் பாதி நனைத்த சாம்பல் நிறத் துணி தொங்கியது. ஆய்வாளர் கடைசி பெஞ்சில் படிவத்தோடு அமர்ந்தார். முதல் மூன்று கேள்விகள் வெண்ணெயில் கத்தி போல் இறங்கின. நாலாம் எண்காரனுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஐந்தாம் எண்காரி எழுந்தாள்.

"ஆவியான தண்ணி எங்க சார் போகுது?"

"நல்ல கேள்வி! காத்தடிச்சா சீக்கிரம் காயும்" என்றார் வாத்தியார். அது நாலாவது பதில்.

"வெயில்ல ஏன் சார் சீக்கிரம் காயுது?"

"நல்ல கேள்வி! காத்தோட கலந்துடுது."

தடம் மாறியது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து எப்படிக் குதிப்பது? அடுத்த பதிலையும் சொன்னார். ஆய்வாளர் தலையாட்டியபடி கோடு போட்டுக்கொண்டே வந்தார். அவர் எண்ணியது கேள்விகளை மட்டும்தான்.

பன்னிரண்டாம் எண்காரி எழுந்தாள். சீட்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள்.

"சார், இது சீட்டுல இல்ல. தண்ணிக்குத்தான் நிறமே இல்லையே. அப்புறம் ஏன் நனைஞ்ச பக்கம் மட்டும் கறுப்பா தெரியுது?"

ஆய்வாளர் முதல் முறையாகத் தலைநிமிர்ந்தார்.

"என்ன சீட்டு?"

வாத்தியாருக்கு நாலு வருஷமும் கண்முன் ஓடியது. "அது... செயல்பாட்டு அட்டை சார்."

"ஓ, அட்டையா! பேஷ்" என்று ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

"இந்தாம்மா, கேள்வி கேக்கற நேரத்துல இப்படியா கண்டதைப் பேசறது?" என்றார் வாத்தியார். "அட்டையைப் படி." அவள் படித்தாள். அவரும் பதினொன்றாம் பதிலைச் சொன்னார்.

மறுவாரம் அறிக்கை வந்தது. தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "மாணவர்கள் தாமாகவே கேட்ட கேள்விகள் முப்பது. விளைவு முழுமையாக எட்டப்பட்டது. ஒரு மாணவி மட்டும் குறுக்கே பேசிப் பாடத்துக்கு இடையூறு செய்தாள்."

கண்ணாடியைக் கழற்றினார். "வேலை நிரந்தரம் சார். வாழ்த்துக்கள்! அந்தப் பொண்ணை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

"கவனிக்கிறேன் மேடம்."

நனைந்த துணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்பது அறிவியல் வாத்தியாருக்குத் தெரியாது.