மணற்காட்டில் இரண்டு தரம்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான் எங்களுக்கு உயரம். புத்தூரில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நடுவே, ஐம்பது வயது தாண்டும் வரை சமதரையில் நடந்தே தேய்ந்தவள் நான். இந்தக் குணலட்சுமிக்கு மலை ஏறுகிற விசர் எங்கிருந்து பிடித்தது என்று ஊர் கேட்டது. ஊருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மகள் தனுஷிகா கனடாவில் இருக்கிறாள். சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு மலையில் ஏறி நின்று படம் அனுப்புவாள். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அங்கே வந்தால் நானும் உன்னோடு ஏறுவேன் பிள்ளை என்றேன். அவள் சிரித்துவிட்டு, "உது உங்களுக்கு ஏலாதம்மா. நீங்கள் கீழை காருக்குள்ளை இருங்கோ, நான் படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டமெல்லாம் குறுக்கே விழுந்து ஓடிய கால்கள் இவை. இவற்றுக்கா ஏலாது?

அன்றைக்கே முடிவெடுத்தேன். கனடா மலை கிடக்கட்டும், முதலில் நம் நாட்டு மலை ஒன்றில் ஏறுவது. பிரவீணன் என்று ஒரு விளையாட்டு வாத்தியார் இருக்கிறார். பள்ளி விடுமுறைகளில் இங்குள்ளவர்களைச் சேர்த்து மாத்தளைப் பக்கம் நக்கிள்ஸ் மலைக்குக் கூட்டிப்போவார். நானும் வருகிறேன் என்றபோது அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் நிபந்தனை போட்டார். மணற்காட்டில் கொடி நட்டு ஒரு சோதனை நடை வைப்பார். பையை முதுகிலிருந்து இறக்காமல், கொடிவழியை விட்டு விலகாமல், முதற்கொடியிலிருந்து கடைசிக் கொடிவரை நடந்து முடிப்பவர்களுக்குத்தான் மலை. நடுமலையில் கால் மடங்கினால் தூக்கிவர அங்கே ஆள் இல்லை என்றார். நியாயமான பேச்சு. நான் அரிசியைப் பையில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு தினமும் தோட்டத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன்.

என் மனிதர் செல்வநாயகத்துக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அவர் சண்டை போடமாட்டார், பெருமூச்சு விடுவார். சண்டையைவிட அது பொல்லாதது. மகள் சொன்னது சரிதானே என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என் கையால் தேத்தண்ணி கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர் சோதனை நடைக்கு விடியவே வெளிக்கிட்டு, எங்களை ஏற்றிப்போக வந்த வான் வண்டியில் வந்து ஏறிக்கொண்டார். எனக்கே ஆச்சரியம்.

மணற்காட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வடமராட்சியின் கிழக்குக் கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடு. காலை வைத்தால் பாதிக் கால் பின்னுக்கு வழுக்கும். காற்று அடித்தால் வைத்த அடி அடுத்த நிமிடம் இருக்காது. பிரவீணன் சிவப்புத் துணிக் கொடிகளை மேடு மேடாக நட்டிருந்தார். கடைசிக் கொடி எல்லாவற்றிலும் உயர்ந்த மேட்டின் உச்சியில் நின்றது.

நான் பை வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது என் மனிதர் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வானை விட்டு இறங்கினார். மணல் பக்கமாகத் தனியே நடந்தார். நான் கண்டேன். வான்காரரும் கண்டார். என்னோடு நடக்க வந்த வங்கிக்காரப் பிள்ளை சுபாஜினியும் கண்டாள். ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. மிஞ்சினால், தூரத்துக்கோ என்பார்கள், அவ்வளவுதான். அதுவும் அது மனிதர் காலைக்கடனுக்குப் போகிற நேரம், அதை யார் கேட்பது? நான் என் நடையைத் தொடங்கினேன்.

நன்றாகத்தான் நடந்தேன். பொய் சொல்லக்கூடாது, மூச்சு வாங்கியது, தொடை கடுத்தது. ஆனாலும் சுபாஜினி எனக்குப் பின்னால்தான் வந்தாள். பாதிவழி தாண்டி, கடைசி மேடு கண்ணில் படுகிற இடத்தில், எங்களோடு நடந்துவந்த பிரவீணனின் போன் அடித்தது. வான்காரர். ஐயா போனவர் இன்னும் திரும்பவில்லை, தண்ணீர்ப் போத்தலும் மாத்திரைப் பையும் வானுக்குள்ளேயே கிடக்கின்றன என்றார்.

பிரவீணன் நல்ல பிள்ளை. தான் போய்த் தேடுவதாகவும், நான் நடையை முடிக்கும்படியும் சொன்னார். எனக்குக் கொடியைப் பார்க்கப் பார்க்கக் கண்ணீர் வந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்குப் பிரஷர். என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது?

"தம்பி, அந்த மனுசன் எப்பிடி நடக்கும் எண்டு எனக்குத்தான் தெரியும்" என்றுவிட்டுக் கொடிவழியை விட்டு இறங்கினேன்.

அவர் வாழ்நாள் முழுவதும் வரம்பில் நடந்தவர். மேட்டில் ஏறமாட்டார், பள்ளத்தைப் பார்த்துத்தான் போவார், தண்ணீர் ஓடுகிற வழிதான் அவர் வழி. ஆகவே மேடுகளுக்கு இடையில் பள்ளமாய்ப் போன பக்கமெல்லாம் போனேன். பிரவீணன் பின்னால் ஓடிவந்தார். கத்திக் கூப்பிட்டோம், காற்று எங்கள் குரலைக் கடல் பக்கம் கொண்டுபோனது. நான் மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை. இடையிடையே பிள்ளையாரையும் கூப்பிட்டேன்.

ஒரு தாழம்பற்றையின் நிழலில் கிடந்தார். செருப்பு வார் அறுந்து, கொதிமணலில் வெறுங்காலோடு நடந்து, உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. உயிரோடு இருக்கிறார் என்று கண்ட பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. தண்ணீர் பருக்கி, முகத்தைத் துடைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வெளிக்கிட்டால் என்ன?"

"நீர் கேக்கேல்லையே" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பிறகு அவரே சொன்னார். "நீர் எந்த இடத்திலை ஏலாமல் குந்துவீர் எண்டு பாக்கத்தான் குறுக்கு வழியாலை வந்தனான். நீர் குந்தேல்லை. நான்தான் விழுந்துபோனன்."

நானும் பிரவீணனும் இரண்டு பக்கமும் தாங்கி அவரை வானடிக்குக் கொண்டுவந்தோம். காலைக் கழுவி மருந்து பூசிக் கட்டினோம். மற்றவர்கள் நடையை முடித்துவிட்டு, சவுக்கு நிழலில் பார்சலைப் பிரித்துப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரவீணன் என் முகத்தைப் பார்க்கவே கஷ்டப்பட்டார். இந்த முறை விடுங்கள் அன்ரி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அவரில் பிழையில்லை, நிபந்தனை நிபந்தனைதான். இரக்கப்பட்டு என்னைக் கூட்டிப்போனால் அந்த மலை எனக்கு எதற்கு?

"வெயில் சாயட்டும் தம்பி. நான் முதற்கொடியிலை இருந்து திருப்பி நடக்கிறன்" என்றேன்.

சுபாஜினி வாயில் வைத்த புட்டை விழுங்க மறந்தாள். வான்காரர் நேரத்தைச் சொல்லி முணுமுணுத்தார். என் மனிதர் பெருமூச்சுக்கூட விடவில்லை, அறுந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்ததும் பையைத் தூக்கினேன், பிரவீணன் கூடவே வந்தார். காலையில் போன கால்கள் வேறு, இவை வேறு. ஒவ்வொரு மேட்டிலும் இதோடு போதும் என்று உடம்பு சொன்னது. உனக்கு வாய் கூடிப்போச்சு என்று உடம்பைத் திட்டித் திட்டி நடந்தேன். கடைசி மேட்டடிக்கு வந்தபோது எல்லோரும் அங்கே நின்றார்கள். என் மனிதர் காலில் கட்டோடு, சுபாஜினியின் தோளைப் பிடித்தபடி நின்றார்.

ஏறினேன். வழுக்கினேன். திரும்ப ஏறினேன், திரும்ப வழுக்கி முழங்காலில் விழுந்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தனுஷிகா. யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு என்ன விசரா, உடனே நிப்பாட்டுங்கோ அப்பா என்று அவள் போட்ட சத்தம் மேடு ஏறிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று காது மட்டும் கீழே நின்றது.

"கொம்மா ஏறுவா" என்றார். "நீ போனை வை."

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இரண்டு கையையும் மணலில் ஊன்றி, தவழுகிற பிள்ளை மாதிரி அந்த மேட்டில் ஏறினேன். கொடிக்கம்பைப் பிடித்து எழுந்து நின்றேன். பை முதுகிலேயே இருந்தது.