யப்பான் தகரம்

“நீங்க பின்னுக்கு எடுங்க.”

கார்க் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொரையைப் பார்த்துச் சொன்னேன். முன்னால் ஒரு சலாம் இல்லை, பின்னால் ஒரு ‘தொரைகளே’ இல்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த அப்பா என் முழங்கையைப் பிடித்தார். சொல்லி முடித்த பிறகும் பிடியை விடவில்லை.

என் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்த அன்றே அவர் சொல்லியிருந்தார். “பங்களாக் கார் எதுக்க வந்தா நாமதான் பின்னுக்குப் போகணும். அவர எடுக்கச் சொல்லி மட்டும் ஒன் வாயில வரக்கூடாது, நாகு. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்.”

மலை ரோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். கண்டியில் லைசன்ஸ் எடுக்கப் போனபோது என்னிடம் கேட்ட கேள்வியே அதுதான். நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். தொரை இறங்கிக்கொண்டிருந்தார். அவர் காருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே ஒதுங்க இடம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் இரண்டு வளைவு, பக்கத்தில் பள்ளம்.

தொரை ஹாரன்கூட அடிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு சிகரெட் பற்றவைத்தார். அப்பா பார்த்துக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும்.

“எறங்குடி. எறங்கு மொதல்ல.”

நான் இறங்கினேன். அப்பா என் இடத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த இரண்டு வளைவையும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் ஓட்டுவதில் பெரிய கங்காணியான என் அப்பா சோலைமலையை அடிக்க மஸ்கெலியாவிலேயே ஆள் கிடையாது. கார் வந்த ஒன்றரை வருஷத்தில் அவ்வளவு பழக்கம். மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் செருப்பும் சேலையுமாக ரோட்டு ஓரத்தில் கார் பின்னாலேயே இறங்கி நடந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அன்று நாங்கள் பங்களாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். தொரையே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். விஷயம் ஒரு வேன்.

போன வருஷம், அறுபத்தொன்றில், கொழுந்து எடுக்கிற வீரம்மாவின் மருமகள் அம்மாக்கண்ணுக்கு வலி எடுத்தபோது கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு மேல் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனார்கள். லொறி முதலில் பாக்டரிக்குப் போய்க் கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. பிள்ளை வழியிலேயே செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு தொழிற்சங்கத்துக்காரர்கள் கேட்டுக் கேட்டு, நோயாளிகளை ஏற்ற ஒரு வேன் வாங்க கொழும்புக் கம்பெனி ஒத்துக்கொண்டது. இங்கிலீஷ் வேன் வர வருஷக்கணக்காகும் என்றார்கள். கையில் கிடைக்கக்கூடியது ஒரு யப்பான் வேன்தான். எங்கள் காரைச் செய்த அதே கம்பெனி. அது இந்த மலையில் ஏறுமா என்று எழுதும்படி கம்பெனி தொரையைக் கேட்டிருந்தது. தோட்டத்தில் யப்பான் வண்டி வைத்திருப்பவர் என் அப்பா ஒருவர்தான். அம்மாக்கண்ணு மறுபடி மாசமாக இருந்தாள்.

இதற்காகவே அதற்கு முந்தின நாள் நான் மஸ்கெலியாவுக்குப் போய் அன்ஸார் நானாவைப் பார்த்திருந்தேன். இரும்புக் கடைக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அதே கம்பெனி வேனில் ஹட்டனிலிருந்து சாமான் ஏற்றுகிறவர். மலையில் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“இஞ்ச பாருங்க தங்கச்சி, பொய் சொல்லப்படாது. கதவச் சாத்தினா பிஸ்கட் டின் சத்தம்தான். சீட்டு குள்ளனுக்குத் தச்ச சட்ட மாதிரி. எண்ட மனுசி றுக்கையா ஏறினா பக்கத்துல ஒரு பூனை கூட இருக்க ஏலாது. ஆனா இந்தக் குளிர்ல காலைல ஒரு இழுப்பு, எழும்பிரும். மத்த வண்டியெல்லாம் மாப்பிள மாதிரி, சுடுதண்ணி வெச்சுத் தடவிக் குடுத்து எழுப்போணும். இது மருமக மாதிரி, நமக்கு முந்தி எழும்பி நிக்கும்.”

“ஒங்க மருமக காதுல விழுந்தா வண்டிய விட்டுட்டு ஒங்களத்தான் தள்ளுவா, நானா.”

“அதனாலதான் வண்டிக்கிட்ட மட்டும் சொல்லிக்கிறது,” என்று சிரித்தார். “சீமெந்து மூட்டையோட ஏறுது தங்கச்சி. ஒரு புள்ளத்தாச்சியோட ஏறாதா?”

அதை அப்படியே தொரையிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்றுதான் அப்பாவோடு நானும் கிளம்பினேன்.

சொல்ல வாய்ப்பு வரவில்லை. அப்பா ஒதுங்கி நின்ற இடத்துக்கு வந்ததும் தொரை காரை நிறுத்தினார். பங்களா வரைக்கும் எதற்கு, இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அப்பா இறங்கி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றார்.

“புள்ள தெரியாமப் பேசிருச்சுங்க தொரை. படிச்ச திமிரு. நான் கண்டிக்கிறேங்க.”

தொரை என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். அந்தத் தமிழில் ‘நீ’ மட்டும்தான் உண்டு. “கங்காணி, ஒன் கார் எப்படி? மலை ஏறுதா? கம்பெனி கேக்குது.”

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அந்தக் கார் டிக்கி நிறைய அரிசி மூட்டையோடு அதே ரோட்டில் மூச்சு வாங்காமல் ஏறி வந்திருந்தது.

“இதெல்லாம் ஒரு காருங்களா தொரை?” என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே சொன்னார். “யப்பான் தகரங்க. ரெண்டு ஆளு சேந்து ஏறினா நொண்டுது. தொரை வண்டிக்கு முன்னால இது வெளையாட்டுச் சாமானுங்க.”

கார் வந்த முதல் நாள் தொரை அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கங்காணி, ஒன் கார் என் காரை விடப் புதுசு” என்றாராம். அன்றைக்கே அப்பாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து மஸ்கெலியா கடைத்தெருவில் அது குதிரை, பங்களா ரோட்டில் தகரம். வீட்டில் தன் பழைய தலைப்பாகைத் துணியால் அதைத் துடைப்பார். கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் தன்னை அடித்தது போலத் திரும்புவார். தொரை கேட்டால் மட்டும் காறித் துப்பாத குறை.

“பொய்!” என்றேன். பிறகு இங்கிலீஷில் சொன்னேன். கார் ஏறுகிறது, மஸ்கெலியாவில் ஒரு வேன் இருக்கிறது, நீங்களே போய்ப் பாருங்கள் என்றேன்.

தொரை முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். இங்கிலீஷில் பதில் சொல்லவில்லை. “கார் யாருது?”

“அப்பாவுது.”

“அப்ப நான் அவன் சொல்றதத்தான் எழுதணும்.” அப்பாவைப் பார்த்தார். “சரி கங்காணி. ஏறாது. எழுதிர்றேன்.”

“தொரை எப்படிச் சொல்றீங்களோ அப்படிங்க,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். வேன் போய்விட்டது. தொரைக்கு அது வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துச் செலவில் ஒன்று குறைந்தது. வேண்டாம் என்று சொல்கிற பழியைச் சுமக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆளாகத் தானே போய் நின்றார் என் அப்பா. தான் செய்தது என்ன என்று திரும்பி வரும்போதுகூட அவருக்கு விளங்கவில்லை. காரை என்னிடம் தரவில்லை. “நல்லவேளை, தொரை கோவிச்சுக்கல” என்றார்.

வீட்டு வாசலில் வீரம்மா நின்றுகொண்டிருந்தாள். குறுக்குப் பாதையில் இறங்கி வந்திருந்தாள், கூடை முதுகிலேயே இருந்தது. மேல்மலையிலிருந்து எல்லாம் பார்த்திருக்கிறாள், பேச்சு காதில் விழவில்லை.

“சலாங்க. வேன் முடிவாச்சுங்களா? தொரைகூட ரோட்டுலயே பேசிக்கிட்டு இருந்தீங்களே.”

“தொரை பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு,” என்றார் அப்பா.

“அம்மாக்கண்ணுக்கு அடுத்த மாசங்க. அதுக்குள்ள வந்துருங்களா?” என்னைப் பார்த்தாள். “சின்னம்மாவும் தொரைகிட்ட பேசினீங்களே, என்ன சொன்னாரு?”

தொரை முன்னால் கட்டி நின்ற அப்பாவின் கையைப் பார்த்தேன். அவர் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்கலாம்” என்றேன். வீரம்மா ‘நல்லா இருப்பீங்க’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் காது சுட்டது.

உள்ளே வந்ததும் கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“இந்தக் காரச் செஞ்சவன் யாருன்னு தெரியுமாப்பா ஒங்களுக்கு?”

“எனக்கு எதுக்கு அது?”

எனக்குத் தெரியும். பேராதனையில் படிக்கும்போது, விடுதி வாசலில் அப்பா இந்தக் காரில் வந்து இறங்கியதைப் பார்த்துக் கூடப் படித்த பையன்கள், “கங்காணிக்கு ஏத்த யப்பான் சாமான்” என்று சிரித்தார்கள். வந்த கோபத்தில் நூலகத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நெசவுத் தறி செய்த குடும்பம். தறியில் வந்த காசில் கார் செய்யப் போனார்கள். உலகச் சண்டை முடிந்து நாடே பட்டினி கிடந்தபோது அவர்களும் நொடித்துப்போனார்கள். யாரையும் வேலையை விட்டு நிறுத்தமாட்டேன் என்று தலைவர் சொல்லியிருந்தார். ஐம்பதாம் வருஷம் அதைக் காப்பாற்ற முடியவில்லை. வேலைநிறுத்தம் நடந்தது, ஆட்கள் போனார்கள். அவர்கள் போகும்போது அவரும் நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டார். பிறகு அமெரிக்காவுக்குக் கார் அனுப்பினார்கள். அங்கேயுள்ள பெரிய ரோட்டில் அது திணறியது. அனுப்புவதை நிறுத்திவிட்டு, வேறு காரைச் செய்ய உட்கார்ந்தார்கள்.

இவ்வளவையும் அப்பாவிடம் சொன்னேன். “ஓடலன்னா ஓடலன்னு ஒத்துக்கிட்டான் அவன். ஏறுறத ஏறலன்னு சொல்லிட்டு வர்றீங்க நீங்க. ஆளுங்கள அனுப்பிட்டு ஒக்காந்திருக்க வெக்கப்பட்டு எந்திரிச்சுப் போனான் அவன்!”

அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “அவனுக்கு வேற நாற்காலி இருந்திருக்கும்.”

“அப்பா!”

“கத்தாத. நான் ஏறுதுன்னு சொன்னா தொரை என்ன நெனைப்பாரு? என் வண்டி பழசு, இவன் வண்டி புதுசுன்னு குத்திக் காட்டுறான்னு நெனைப்பாரு. இந்த நாட்டுப் பிரஜைன்னு நம்ம பேருக்கு ஒரு துண்டுக் கடுதாசி இருக்கா? நாளைக்கு அவரு போன்னா எங்க போறது? வீடும் தோட்டத்து வீடு.” என் பக்கம் விரலை நீட்டினார். “நீ படிச்சியே, எதுல படிச்ச? இந்தக் கும்புடுலதான் படிச்ச.”

உண்மை அது. என் புத்தகம், விடுதி, இந்தச் சேலை, லைசன்ஸ் எல்லாம் அந்தக் கட்டிய கையிலிருந்து வந்தவை. அவர் மேல் இருந்த ஆத்திரம் அப்படியே திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“காலைல என்கூட வந்து தொரைகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு,” என்றார் அப்பா, குரலைத் தணித்து. “ஒரு வார்த்தை. அதோட போகுது.”

“வேன்?”

“அது போனது போனதுதான். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“அடுத்த மாசம் அம்மாக்கண்ணு?”

“என் காருலயே கூட்டிக்கிட்டுப் போறேன். நானே ஓட்டுறேன். போதுமா?”

நிஜமாகத்தான் சொன்னார். செய்யவும் செய்வார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுபது குடும்பத்துக்கு உரிமையாக வர வேண்டியதைத் தொலைத்துவிட்டு, ஒருத்திக்குத் தர்மமாகக் கொடுக்கிறார். அவளும் அதற்காகக் காலத்துக்கும் அவரைக் கும்பிடுவாள்.

வெளியே இருட்டத் தொடங்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. சங்கத்துக் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். வேன் விஷயம்தான் பேசுவார்கள். எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன்.

“எங்க போற?”

“லயத்துக்கு. ரோட்டுல நடந்தத கூட்டத்துல சொல்லப் போறேன். கார் ஏறுது, கேட்டப்ப நீங்க ஏறலன்னு சொன்னீங்க, தொரை அதையே எழுதப் போறாருன்னு. இன்னும் தபால் போகல. எல்லாருமாப் போய்க் கேட்டா நிறுத்தலாம்.”

அப்பா கதவுக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முகம் சுருங்கி, திடீரென்று வயதானவராகத் தெரிந்தார்.

“நாகு, அந்த ஆளுங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாளைக்குக் காலைல பேர் கூப்புடுற பெரட்டுல எப்படி நிப்பேன்?”

“தெரியலப்பா. எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு.”

“அப்பன்னு ஒரு எண்ணம் இருந்தா...”

“இருக்கு. அதனாலதான் ஒங்ககிட்ட மொதல்ல சொல்லிட்டுப் போறேன்.”

அவர் விலகினார். வழிவிட்டாரா, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது.

“படி வழுக்கும். பாத்துப் போ,” என்றார் பின்னாலிருந்து.

திரும்பினால் போகமாட்டேன் என்று தெரிந்தது. திரும்பாமல் நடந்தேன்.