ரிட்டர்ன் மேடமும் அறுபத்திரண்டு எண்களும்

பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக அவள் பார்த்த வேலை இதுதான்: வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை வாசலிலேயே மறித்து, அளந்து, தட்டிப் பார்த்து, நல்லதை உள்ளே விடுவது, சொத்தையைத் திருப்பி அனுப்புவது. சரக்கு கொண்டுவருகிறவர்கள் அவளுக்கு ‘ரிட்டர்ன் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அந்த வாசலில் அவள் காதுக்கு எட்டாத சங்கதி எதுவும் கிடையாது. உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பெயர் பிடித்தே இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். முப்பத்தொரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். நாற்பத்தெட்டு வயது என்ற வரியைத் தாண்டி யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது அவள் கணிப்பு. இது போதாதென்று அண்ணன் வேறு. அவருக்கு சோபாவும் கட்டிலும் விற்கிற கடை.

“ஒண்ணாம் தேதியிலேர்ந்து நம்ம கடைக்கு வந்துடும்மா. வாசல் பக்கமா மேஜை போட்டாச்சு. வர்றவங்களைப் பார்த்து சிரிச்ச முகமா ‘வாங்க வாங்க’ன்னு சொன்னா போதும்” என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

அன்பான மனிதர், அதுதான் தொல்லை. முரடராக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். கட்டிலின் கால் கோணலாக இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ‘வாங்க வாங்க’ என்று பல்லைக் காட்டத் தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மிச்ச காலமெல்லாம் சிரித்தே தீர வேண்டும்.

சனிக்கிழமை தங்கை வந்தாள். பெரிய நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். இந்த விஷயத்தில் அவள் வார்த்தைக்கு மரியாதை உண்டு.

“விண்ணப்பத்தைப் போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா யாரு கூப்பிடுவா அக்கா? பாதி வேலை தெரிஞ்சவங்க மூலமாத்தான் போகுது. உனக்குத் தொழில்ல எத்தனை பேரைத் தெரியும்?”

“ஏகப்பட்ட பேரு.”

“ஃபோனைக் கொடு பார்ப்போம்.”

அறுபத்திரண்டு எண்கள் இருந்தன. ‘போல்ட் துரு.’ ‘வாஷர் தடிப்பு.’ ‘ஸ்பிரிங் தளர்ச்சி.’ ‘பெயின்ட் கொப்புளம்.’ ‘வார்ப்பு ஓட்டை.’

“என்னக்கா இது, ஆஸ்பத்திரி வார்டா?”

“அவங்கவங்க செஞ்ச தப்பு. ஆள் பேரு மறந்தாலும் தப்பு மறக்காது பாரு.”

“சரி, ஒழுங்கா சரக்குக் கொடுத்தவங்க நம்பர் எல்லாம் எங்கே?”

“ஒழுங்கா கொடுத்தா நான் எதுக்கு ஃபோன் பண்ணப் போறேன்?”

தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் அக்கா சேர்த்து வைத்திருந்த அத்தனை பேரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடக் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

“பரவாயில்லை, இதை வச்சுத்தான் ஆரம்பிக்கணும். ஆனா ஒண்ணு. எடுத்த எடுப்பிலேயே ஒரு மன்னிப்புக் கேட்டுடு. ‘அப்போ கொஞ்சம் கடுமையா நடந்துக்கிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க’ன்னு இதமா ஆரம்பி.”

இதம் அவளுக்குப் பழக்கமில்லாத பாஷை. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாள்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ‘போல்ட் துரு’வில் ஆரம்பித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“மேடம்! எந்த லாட்டு மேடம்? சாயங்காலத்துக்குள்ள மாத்திக் கொடுத்துடறேன்!”

“கம்பெனியே மூடியாச்சுங்க.”

“அட, ஆமால்ல!” என்று அவர் விட்ட பெருமூச்சு இங்கே கேட்டது. அந்த நிம்மதியில் வேலை கட்டாயம் பார்த்துச் சொல்கிறேன் என்று மூன்று தடவை சத்தியம் செய்தார். ‘ஸ்பிரிங் தளர்ச்சி’ குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டார். ‘வாஷர் தடிப்பு’ குளித்துக்கொண்டிருப்பதாக அவர் மனைவி சொன்னார். பன்னிரண்டு மணிக்கும் குளித்துக்கொண்டிருந்தார், மூன்று மணிக்கும் குளித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுத்தத்தில் பாதியைச் சரக்கில் காட்டியிருந்தால் இந்தப் பெயரே அவருக்கு வந்திருக்காது.

அவள் அசரவில்லை. ஒரு பெட்டி வாஷரில் ஆயிரம் இருக்கும். பத்து சொத்தை என்பதற்காகப் பெட்டியைப் பார்க்காமல் விடுவாளா? பன்னிரண்டாவதாக ‘வார்ப்பு ஓட்டை’ வந்தார். இரும்பு உருக்கி வார்க்கிற பட்டறைக்காரர். முதலிலேயே கணக்காகச் சொன்னார்:

“ஏழு தடவை என் சரக்கைத் திருப்பியிருக்கீங்க மேடம்.”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்போ கொஞ்சம் கடுமையா நடந்துக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றாள்.

எதிர்முனையிலிருந்து பதில் சூடாக வந்தது.

“அப்போ என் சரக்கு நல்லாத்தான் இருந்ததா? நீங்களாத்தான் திருப்பினீங்களா? ஏழாவது தடவை வந்தப்புறம் நான் மண்ணை மாத்தினேன், அச்சை மாத்தினேன், எல்லாத்தையும் மாத்தினேன். சும்மாவா?”

கண்ணாடி முன்னால் பழகியது எல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் மறந்து போயிற்று. “சும்மா இல்லை. ஏழும் ஓட்டைதான். இன்னிக்கு வந்தாலும் திருப்புவேன்.”

“அப்படிப் பேசுங்க!” என்றார் அவர். “லிஃப்டுக்குக் கப்பி செய்யற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. வர்ற சரக்கைப் பார்க்க ஆள் தேடறாங்க. வந்த ரெண்டு பேரும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தா எதையும் உள்ளே விட்டுடறாங்களாம். உங்களைப் பத்திச் சொல்லி வைக்கறேன். புதன்கிழமை அங்கே சரக்கு இறக்கறேன், வந்துடுங்க.”

அது நீளமான கொட்டகை. சரக்கு இறக்கும் மேடை ஓரமாக ஒரு இரும்பு மேஜை. முதலாளியம்மா வளவளவென்று பேசுகிற ரகம் இல்லை. அன்று வந்த பெட்டியிலிருந்து ஆறு கப்பி வார்ப்புகளை எடுத்து மேஜையில் வைத்து, “பாருங்க” என்றார். பட்டறைக்காரர் பக்கத்தில் பெருமையாக நின்றார்.

அவள் சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். மூன்று கணீரென்றன. நான்காவது தகரம் மாதிரி சத்தம் போட்டது. மற்ற இரண்டும் கணீர். அவள் மறுபடி நான்காவதைத் தட்டினாள். பட்டறைக்காரரின் முகம் மாறியதைப் பார்த்தாள். தனக்காக இந்த வாசலைத் திறந்துவிட்ட மனிதர். அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் தயங்கவில்லை.

“கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும். ஒரு சாக்பீஸும்.”

மண்ணெண்ணெயைத் தடவி, காத்திருந்து, துணியால் அழுத்தித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசினாள். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று மெதுவாக ஊறி எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் தன்னைத் தானே வரைந்து காட்டிவிட்டது.

“இது ஆகாது. பெட்டி முழுக்க ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கணும்” என்றாள்.

முதலாளியம்மா பட்டறைக்காரரைப் பார்த்தார். “இதுல ஆளுங்க ஏறி இறங்கறாங்க. உங்க ஆர்டரையே நிறுத்திடலாம்னு தோணுது.”

 அவள் குறுக்கிட்டாள்.

“அம்மா, பெட்டியைத் திருப்புங்க. ஆளைத் திருப்பாதீங்க. ஏழு தடவை இவர் சரக்கைத் திருப்பியிருக்கேன். ஏழு தடவையும் சாக்கு சொல்லாம எடுத்துட்டுப் போய் மாத்திக் கொடுத்தாரு. அந்த ஏழாவதுக்கு அப்புறம் மூணு வருஷம் ஒரு துண்டு கூட நான் திருப்பினது கிடையாது. இவரை விட்டா இவரை மாதிரி இன்னொருத்தரைத் தேட உங்களுக்கு வருஷக்கணக்கா ஆகும்.”

“நீங்களே இன்னும் வேலைக்குச் சேரலை. அதுக்குள்ள சிபாரிசா?”

“சேர்ந்தப்புறம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.”

முதலாளியம்மா ஈரக்கோட்டை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். “சொத்தையை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் கொண்டு வாங்க” என்றார் அவரிடம். இவள் பக்கம் திரும்பி, “நீங்க நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க. முதல்ல இந்தப் பெட்டியில மிச்சத்தைத் தட்டிப் பாருங்க” என்றார்.

வாசலை நோக்கி இருவரும் நடந்தார்கள். அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் விரிசல் விட்ட கப்பியோடு அவர் வருகிறாரே என்று அடக்கிக்கொண்டாள். கேட் அருகே அவர் நின்றார்.

“மேடம், ஒண்ணு கேட்கறேன். உள்ளே என்னைப் பத்திச் சொன்னீங்களே, அது எல்லாம் நெசமாவே மனசுல இருந்ததா?”

“இல்லாததை நான் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அப்போ மூணு வருஷமா ஒரு வார்த்தை என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்கலையே.”

“கேட்டாத்தான் சொல்லுவீங்களா? சரக்கு நல்லா இருக்குன்னு ஒரே ஒரு ஃபோன். அதுக்காக எத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒழுங்காகக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“சொல்லியிருக்கணும்” என்றாள். “அது என் தப்புதான்.”